பையும் பதிவும் ஒத்துப்போகாதபோது: ரத்த வங்கிப் பதிவுக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சேலத்தில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீசியனாக இருக்கிறேன். 2020-இல் சட்டத்தில் ‘ரத்த மையம்’ என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் நம் எல்லோருக்கும் அது இன்னும் ரத்த வங்கிதான், அப்படியே எழுதுகிறேன். ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி என்று முகாம்களுக்குப் போவோம். அவ்வப்போது இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கும் போவோம். இத்தனை வருடத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தது பரிசோதனையில் வந்த கோளாறு இல்லை, பதிவில் வந்த கோளாறுதான். எலைசா (தொற்றைக் கண்டுபிடிக்கும் சோதனை) சரியாக ஓடவில்லை என்றால், முடிவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் பெயரில் இன்னொருவர் ரத்தம் ஏறிவிட்டால் எந்த மெஷினும் சத்தம் போடாது. அதற்குச் சில அறிகுறிகள் மட்டும் உண்டு. அவற்றைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கும் முகாம் நடத்த உதவுபவர்களுக்கும் எழுதிவைக்கிறேன்.

கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் முதல் வேலை ஒன்றுதான். பேனாவைத் தொடாதீர்கள், பையைத் தொடுங்கள். சந்தேகத்துக்குரிய பையையும் அதிலிருந்து பிரித்த எல்லாக் கூறுகளையும் (சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு) எடுத்துத் தனியாக, ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று எழுதிய தட்டில் வையுங்கள். பதிவேட்டில் ஒரு எழுத்தைத் திருத்த 10 நிமிடம் யோசிப்போம். அதற்குள் இரவு டியூட்டியில் இருப்பவர் அந்தப் பையைப் பிரசவ வார்டுக்குக் கொடுத்திருப்பார். பை நின்ற பிறகு நிதானமாகத் தேடலாம்.

தேடும்போது சாட்சிகளுக்கு ஒரு வரிசை உண்டு. பையும் அதோடு ஒட்டிய குழாய்த் துண்டும் (ரத்தம் வந்த குழாயில் அதே ரத்தத்தோடு மூடிவைத்த பகுதி) முதல் சாட்சி. கொடையாளர் கையெழுத்துப் போட்ட படிவம் இரண்டாவது. பதிவேடு மூன்றாவது. கணினி கடைசி. காரணம் எளிது: படிவம் ஆளின் முன்னால் எழுதப்பட்டது, பதிவேடு படிவத்தைப் பார்த்து எழுதப்பட்டது, கணினியில் பதிவேட்டைப் பார்த்து ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கை மாறுகிறது. திரையில் அழகாகத் தெரிகிறது என்பதற்காகக் கணினியை நம்பிப் படிவத்தைத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

திருத்த வேண்டி வந்தால் பழைய எழுத்து தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான விவரம், கையெழுத்து, தேதி. ஒயிட்னர் வேண்டாம், தாளைக் கிழிப்பதும் வேண்டாம். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி இந்தப் பதிவேடுகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 4 ஆண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு நாம் என்ன எழுதினோம் என்பதோடு, ஏன் மாற்றினோம் என்பதும் தெரிய வேண்டும்.

அறிகுறி: ‘புதுக் கொடையாளர்’ என்கிறது கணினி, அவரோ எட்டாவது தடவை என்கிறார்

பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி. ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று பதிவுகள் இருக்கின்றன.

இது நம் பெயர்களால் வருவது. சேலம் கோட்டை மாரியம்மன் ஊர். மாரியப்பன், மாரிமுத்து, மாரியம்மாள் இல்லாத தெருவே கிடையாது. அந்தப் பெயரோடு ஒரு இனிஷியல். அது ஒரு சீட்டில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, அதுவே குடும்பப் பெயர் மாதிரி நிற்கும். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். கல்லூரி முகாமில் ஒரு பெயரில் கொடுத்த பெண் ஐந்து வருடம் கழித்து வேறு எழுத்தோடு வருகிறார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது பழனிசாமியின் ழகரத்தை ஒருவர் ஓர் எழுத்தால் எழுதுகிறார், இன்னொருவர் இரண்டால் எழுதுகிறார். செந்திலின் தகரத்துக்கும் அதே கதி. ஆக, பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது.

பிறந்த தேதியையும் முழுதாக நம்ப வேண்டாம். கிராமத்திலும் மலையிலும் வயதானவர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. அதனால்தான் ஒரே ஊர்ப் பட்டியலில் ஜூன் மாதம் அடிக்கடி வரும். கைபேசி எண்ணும் அப்படித்தான். வீட்டில் ஒரே போன் இருக்கும், அல்லது சிம் மாறியிருக்கும்.

எதையும் தனியாக நம்ப முடியாது, மூன்று சேர்ந்தால் நம்பலாம். நான் தேடும் முறை: முதலில் கைபேசி எண். கிடைக்கவில்லை என்றால் பிறந்த ஆண்டும் ரத்த வகையும் ஊரும். அதிலும் இல்லை என்றால் பெயரின் முதல் இரண்டு எழுத்து மட்டும் போட்டு, அப்பா பெயரை வைத்துக் கண்ணால் சலிப்பது. அப்புறம் அவரிடமே, “கடைசியா எங்க, எந்த மாசம் குடுத்தீங்கண்ணா?” என்று கேட்பேன். “தைப்பொங்கலுக்கு முன்னாடி, அம்மாப்பேட்டை முகாம்ல” என்று அவர் சொன்னால் அந்த முகாமின் பதிவேட்டைத் திறக்க வேண்டியதுதான்.

இரண்டு பதிவும் ஒருவருடையதுதான் என்று உறுதியானால் சேர்க்கலாம். ஆனால் ஒருவர் தனியாகச் சேர்க்கக் கூடாது, இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய எண்ணை அழிக்காமல், ‘இந்த எண்ணோடு சேர்க்கப்பட்டது’ என்று விட்டுவிடுங்கள். ஒரு பதிவில் ‘மஞ்சள் காமாலை, தள்ளிவைக்கப்பட்டார்’ என்றும் மற்றதில் ஒன்றும் இல்லாமலும் இருந்தால், சேர்த்த பதிவில் கடுமையானதுதான் நிற்க வேண்டும். அடுத்து, இரண்டு பதிவிலும் உள்ள கொடை நாட்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். பதிவு பிரிந்திருந்ததால் 60 நாளில் மறுபடி கொடுத்த ஒருவரை நாங்கள் இப்படித்தான் கண்டுபிடித்தோம். நல்ல மனிதர், யார் கூப்பிட்டாலும் போய்க் கொடுப்பார். அவருடைய ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே போயிருந்தது. அவருக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினோம். பதிவு ஒழுங்காக இருந்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

அறிகுறி: முதல்முறை வந்தவருக்கு ஏற்கெனவே ஒரு பதிவு திறக்கிறது

மேலே சொன்னதைவிட இது ஆபத்தானது. இரண்டு ஆள் ஒரு பதிவுக்குள் இருக்கிறார்கள், அல்லது ஒருவர் இன்னொருவர் பெயரில் வந்திருக்கிறார்.

முதல் வகை நம் தவறு: அவசரத்தில் ‘அதே பேர், அதே ஊர்’ என்று பழைய பதிவைத் திறந்து கொடையை ஏற்றிவிடுவது. இரட்டையர் என்றால் இன்னும் மோசம். பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி, போன் எல்லாமே ஒன்று. எங்களிடம் இரட்டையர் பதிவுகளின் தலைப்பிலேயே ‘இரட்டையர், மற்றவரின் எண் இது’ என்று சிவப்பில் எழுதிவைத்திருக்கிறோம். செலவில்லாத வேலை இது, எல்லா இடத்திலும் செய்யலாம்.

இரண்டாவது வகையைப் பேசத் தயக்கமாக இருக்கும், ஆனாலும் பேச வேண்டும். காசுக்கு ரத்தம் கொடுக்கும் முறையை 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முடித்துவைத்தது. 1998 ஜனவரி 1 முதல் தடை. இன்று அடுத்தவர் பெயரில் வருவதற்குக் காரணம் காசு அல்ல, நெருக்கடி. ஆபரேஷனுக்கு ஒரு யூனிட் ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று எங்கோ சொல்லியிருப்பார்கள், உறவினரில் ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருப்பார், தம்பியின் சீட்டோடு வருவார். கல்லூரி முகாமில் 18 வயது நிரம்பாத பையன் அண்ணன் அடையாள அட்டையோடு வருவான். அவன் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அவன் ரத்தத்தில் ஏதாவது தெரியவந்தால் நாம் தேடிப்போவது அண்ணனை.

அடையாளம்: பிறந்த தேதியைச் சொல்ல யோசிப்பார், கையெழுத்து பழைய படிவத்தோடு பொருந்தாது, எடை 10 கிலோ மாறியிருக்கும். எல்லோர் முன்னாலும் கேட்டு அவமானப்படுத்த வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, “இன்னைக்கு எடுக்க வேண்டாம்ங்க, பரவாயில்ல. உங்க சொந்தப் பேர்ல ஒரு பதிவு போட்டு வச்சிடுறேன், நாள் வந்ததும் கூப்பிடுறேன்” என்றால் போதும். முக்கால்வாசிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பதிவு ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால், ஒவ்வொரு கொடைக்கும் மூலப் படிவத்தை வெளியே எடுத்து, கையெழுத்தை வைத்து இரண்டாகப் பிரித்து வையுங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாத கொடை இருந்தால் அதைத் தனியாக விட்டுவிடுங்கள். ஊகித்து ஒருவர் பக்கம் தள்ள வேண்டாம்.

அறிகுறி: போன தடவை ஒரு குரூப், இந்தத் தடவை வேறு குரூப்

இதுதான் நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய எச்சரிக்கை. பழைய பதிவைப் பார்க்காமல் புது முடிவை ஏற்றினால் அந்த எச்சரிக்கை வீணாகிவிடும்.

பையை நிறுத்திய பிறகு இந்த வரிசையில் போங்கள். பரிசோதனை டியூபை மறுபடி எடுத்துச் சோதிப்பதோடு நிற்காதீர்கள். தவறான டியூப் எத்தனை தடவை சோதித்தாலும் அதே தவறான பதிலைத்தான் தரும். பையோடு இன்னும் ஒட்டியிருக்கும் குழாய்த் துண்டிலிருந்து எடுத்துச் சோதியுங்கள். அந்தத் துண்டு பைக்குள் இருக்கும் அதே ரத்தம், அதில் யாரும் பெயர் மாற்ற முடியாது.

துண்டும் டியூபும் ஒன்று, பழைய பதிவுதான் வேறு என்றால் மூன்று வாய்ப்பு. பழைய பதிவு அவருடையது இல்லை. அல்லது பழைய முடிவு எழுதும்போது மாறிவிட்டது. அல்லது இந்த ரத்தம் உண்மையிலேயே சிக்கலான வகை. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். டி ஆன்டிஜென் (பாசிட்டிவா நெகட்டிவா என்று தீர்மானிக்கும், சிவப்பணு மேல் உள்ள பொருள்) பலவீனமாக உள்ளவரை ஒரு லேபில் நெகட்டிவ் என்பார்கள், நாம் கூடுதல் சோதனை செய்து பாசிட்டிவ் என்போம். இரண்டுமே அதனதன் இடத்தில் சரி. அவர் கொடுக்கும்போது பாசிட்டிவாகக் கணக்கில் வைக்கிறோம். அவருக்கே ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் நெகட்டிவ் கொடுப்பார்கள். இதை அவரிடம் சொல்லி அட்டையிலும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ‘ரத்த வங்கிக்காரங்க தப்பா சொல்லிட்டாங்க’ என்று போய்விடுவார். ஏ வகையில் சில துணைப்பிரிவுகள், சிவப்பணுவை வைத்துச் செய்யும் முன்பக்கச் சோதனையில் ஓ மாதிரியே நிற்கும். 1952-இல் பம்பாயில் பெண்டே குழுவினர் கண்ட பம்பாய் வகையும் அப்படித்தான்: முன்பக்கம் ஓ, ஆனால் பின்பக்கச் சோதனையில் ஓ செல்களையே திரட்டிவிடும். அதனால் சீரத்தை வைத்துச் செய்யும் பின்பக்கச் சோதனையை, வேலை அதிகம் என்று ஒரு நாளும் விடக் கூடாது.

துண்டு ஒன்று சொல்கிறது, டியூப் வேறு சொல்கிறது என்றால் கட்டிலருகே மாறிவிட்டது. இங்கே பலரும் செய்யும் தவறு, அந்த ஒரு பையை ஒதுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. மாறுதல் பெரும்பாலும் ஜோடியாகத்தான் நடக்கும். இவருடைய டியூபில் இருப்பது இன்னொருவர் ரத்தம் என்றால், இவர் ரத்தம் யாருடைய டியூபில் இருக்கிறது? அந்த ஜோடியைக் கண்டுபிடிக்கும்வரை தேடல் முடியவில்லை. முந்தைய எண், அடுத்த எண், பக்கத்துக் கட்டில், அதே நேரம் எழுதிய படிவங்கள் என்று எல்லாவற்றின் துண்டையும் சோதியுங்கள்.

எனக்கு இது ஏற்காட்டில் நடந்தது. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். ஜெனரேட்டர் சத்தம், பனிமூட்டம், காபித் தோட்டத்து வேலை முடிந்து வந்த கூட்டம். அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பதிவில் ஒருவர் ராமசாமி, ஒருவர் ராமன். “ராமன் வாங்கண்ணா” என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தவர் ராமசாமி. ஊரில் அவரைத்தான் எல்லோரும் ராமன் என்று கூப்பிடுவார்களாம். “ராமன்தானே?” என்று படுத்த பிறகும் கேட்டேன், தலையை ஆட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஏ, ஒருவர் ஓ என்பதால் பழைய அட்டையோடு ஒப்பிட்டபோது மாட்டியது. இருவரும் ஓ பாசிட்டிவாக இருந்திருந்தால் குரூப் பொருந்தியிருக்கும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை முடிவுகள் மட்டும் ஆள் மாறி ஏறியிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றிலிருந்து நான் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. “உங்க பேர் என்னங்க? அப்பா பேர்? எந்த ஊர்?” அவர் வாயால் சொல்ல வேண்டும், நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். பதிவு மேசையில் ஒரு தடவை, ஊசி போடும் முன் ஒரு தடவை, டியூபில் லேபிள் ஒட்டும்போது ஒரு தடவை. வரிசை நீளமாகும், பரவாயில்லை. எதற்கு மூன்று தடவை கேட்கிறோம் என்று சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரு முகாமில் ஒரு மாறுதல் உறுதியாகிவிட்டால், அக்கம்பக்கத்தில் ஒரே குரூப் உள்ள பைகளுக்கு ‘குரூப் பொருந்துகிறது’ என்று சான்று கொடுத்துவிடாதீர்கள். ஒரே குரூப்புக்குள் நடந்த மாறுதலைக் குரூப் சோதனை காட்டாது. அந்தப் பைகளை என்ன செய்வது என்பது மருத்துவ அதிகாரியின் முடிவு. சந்தேகம் தீராவிட்டால் நீக்கிவிட்டு, கொடையாளர்களை அழைத்துப் புது மாதிரி எடுங்கள். பை போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். எனக்கும்தான். ஆனாலும் நீக்கத்தான் வேண்டும்.

அறிகுறி: முகாம் முடிந்தபின் லேபிள் மிஞ்சுகிறது, அல்லது பை ஒன்று குறைகிறது

மலையிலிருந்து இறங்கும் முன்பே எண்ணுங்கள். கீழே வந்து எண்ணினால் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். ஒரு கொடைக்கு எத்தனை லேபிள் போகும் என்று நமக்குத் தெரியும்: பைகள், டியூப்கள், படிவம், பதிவேடு. ஒரு தொகுப்பில் ஒன்று மிஞ்சினால் எங்கோ ஒட்டாமல் விட்டிருக்கிறோம். ஒன்று குறைந்தால் இரண்டு இடத்தில் ஒட்டியிருக்கிறோம், அல்லது வேறொருவர் டியூபில் ஒட்டியிருக்கிறோம்.

பை குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. நரம்பு கிடைக்காமல் விட்டது, பாதியில் மயக்கம் வந்து நிறுத்தியது, அளவு குறைந்ததால் ஒதுக்கியது. இவற்றைப் பதிவேட்டில் எழுத மறந்துவிடுவோம். கொடையாளர் மயங்கும்போது எல்லோர் கவனமும் அவர்மேல்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவர் எழுந்து ஜூஸ் குடித்தபின் அந்த எண்ணுக்கு எதிரே நடந்ததை எழுதுங்கள். அந்த எண்ணை மட்டும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ‘பைதான் வீணாயிடுச்சு, அந்த நம்பரையாவது பயன்படுத்துவோம்’ என்று தோன்றும். ஒரு தடவை ஓர் ஆளுக்குப் போன எண் செத்துப்போன எண்.

டியூப்களில் காலையிலேயே வரிசையாக லேபிள் ஒட்டிவைப்பது இன்னொரு காரணம். வேகமாக நடக்கும் என்று தோன்றினாலும், ஒருவர் நடுவில் எழுந்து போய்விட்டால் அத்தனையும் ஒரு இடம் தள்ளிப்போகும். லேபிள் ஒட்டும் இடம் கட்டிலருகே, ஆள் படுத்திருக்கும்போது. மிஞ்சிய லேபிள்களை எண்ணி, எழுதி, அங்கேயே கிழித்துப் போடுங்கள். சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் அடுத்த முகாமில் வெளியே வரும்.

அறிகுறி: லேபிள் உரிகிறது, ஸ்கேன் ஆக மாட்டேன் என்கிறது

ஏற்காட்டுப் பனியில் இது அடிக்கடி வரும். குளிர்ந்த பையின் மேல் ஈரம் படிந்து பசை விட்டுவிடும். பை உலர்ந்திருக்கும்போதே ஒட்டி அழுத்திவிட வேண்டும். மார்க்கரால் நேராகப் பிளாஸ்டிக் மேல் எழுத வேண்டாம், எழுதுவது லேபிள் மேல் மட்டும்.

லேபிள் முழுதாக விழுந்துவிட்ட பை கையில் இருந்தால், ஞாபகத்தை வைத்துப் புது லேபிள் ஒட்டக் கூடாது. பையின் குழாயில் கம்பெனியே அச்சடித்த ஓர் எண் திரும்பத் திரும்ப வரும். அதை ரத்தம் எடுக்கும்போதே பதிவேட்டில் எழுதிவைத்திருந்தால் பை எவருடையது என்று உறுதியாகச் சொல்லலாம். எழுதியிருக்கவில்லை என்றால் அந்தப் பைக்கு அடையாளம் இல்லை, நீக்குங்கள். அந்தக் கட்டம் உங்கள் பதிவேட்டில் இல்லையென்றால் நாளைக்கே ஒரு கோடு போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.டி. 128 (ரத்தப் பைகளுக்கான சர்வதேச எண், பார்கோடு முறை) உள்ள இடங்களில் கொடை எண் 13 இடம்: நிலையத்துக்கு 5, ஆண்டுக்கு 2, வரிசைக்கு 6. பக்கத்தில் கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு எழுத்து இருக்கும். ஸ்கேன் ஆகாமல் கையால் தட்டும்போது அதையும் சேர்த்துத் தட்டுங்கள். இரண்டு எண் இடம் மாறியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

குரூப் லேபிளின் நிறத்தையும் ஒரு பார்வை பாருங்கள்: ஓ நீலம், ஏ மஞ்சள், பி இளஞ்சிவப்பு, ஏபி வெள்ளை. நிறமும் எழுத்தும் ஒத்துப்போகாத லேபிளை ஒரு தடவை அச்சுக் கோளாறில் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ரத்தம் எடுத்த நேரம் காலியாக இருக்கிறது

ஊகித்து நிரப்பாதீர்கள். நேரம் தெரியாத பையிலிருந்து தட்டணு பிரிக்கக் கூடாது, அதற்கு 6 மணி நேரக் கணக்கு உண்டு. மலையிலிருந்து வரும் பைகளுக்கு வண்டிப் பயணமே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அறிகுறி: ஃபிரிட்ஜில் பை இருக்கிறது, பதிவேட்டில் ‘கொடுக்கப்பட்டது’ என்கிறது (அல்லது தலைகீழாக)

பெரும்பாலும் இரவில் நடந்திருக்கும். விபத்து கேஸ், ஆள் ஓடி வந்து நிற்பார், பையைக் கொடுத்துவிட்டு ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்று விட்டிருப்பார்கள். அல்லது இரண்டு பை கேட்டு வாங்கி ஒன்றைத் திருப்பியிருப்பார்கள், திருப்பியதை எழுதவில்லை.

கிராஸ் மேட்ச் (பை நோயாளியின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை) பதிவேட்டையும் கொடுப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பை எண்ணை மட்டும் பாருங்கள். நோயாளி பெயரில் தேட வேண்டாம், ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள் இருப்பார்கள். திரும்பி வந்த பை எப்போது வெளியே போனது, எப்போது வந்தது என்பது முக்கியம். 30 நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால், அல்லது எவ்வளவு நேரம் என்றே தெரியாவிட்டால், அந்தப் பையை மறுபடி கொடுக்க முடியாது.

பதிவேட்டில் இருக்கிறது, ஃபிரிட்ஜில் இல்லை, எங்கேயும் எழுதவில்லை என்றால் வார்டுக்கு நேராகப் போங்கள். கேஸ் ஷீட்டில் பை எண் ஒட்டியிருக்கும். போனில் கேட்டால் ‘ஆமா, ஏத்தியாச்சு’ என்பார்கள், எந்தப் பை என்று தெரியாது. அந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். நாளைக்கு இந்தக் கொடையாளருக்கு ஏதாவது தெரியவந்தால், அவருடைய ரத்தம் போய்ச் சேர்ந்த நோயாளியைத் தேடுவதற்கு நமக்கு இருக்கும் ஒரே பாலம் அந்த வரிதான்.

அறிகுறி: சோதனையில் ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம் என்று காட்டுகிறது), ஆனால் கொடையாளரைப் பிடிக்க முடியவில்லை

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விஷயம். அந்தக் கொடையாளர் 2016-லேயே ஒரு முகாமில் கொடுத்திருந்தார், அப்போதே சோதனையில் தெரிந்தும் இருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை. அதனால் 2018-இல் உறவினருக்காக நல்லெண்ணத்தோடு மறுபடி வந்தார். 2016-இன் முடிவு ஆளைச் சென்று அடையவில்லை, 2018-இல் பதிவு மேசையில் அந்தப் பழைய முடிவு திறக்கவும் இல்லை. இதை நான் யார்மீதும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நம் ஒவ்வொரு ரத்த வங்கியிலும் இப்படிக் கண்டுபிடிக்க முடியாத பெயர்கள் அடங்கிய ஒரு தாள் இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள்.

பையை நீக்குவது உடனே நடக்கும், அதில் குழப்பமில்லை. ஆளைத் தேடுவதில்தான் பதிவின் தரம் தெரியும். போன் எண் தவறு என்றால் படிவத்தில் உள்ள எண்ணை மறுபடி படியுங்கள். 1-ம் 7-ம், 0-வும் 6-ம் கையெழுத்தில் மாறும். அப்புறம் அவருடைய பழைய பதிவுகள், வேறு இனிஷியலோடு உள்ளவை உட்பட. முகாம் அமைப்பாளரிடம் கேட்கலாம், ஆனால் காரணம் சொல்லக் கூடாது. “ஒரு விவரம் விட்டுப்போச்சு, அவரை வரச் சொல்றீங்களா?” என்பதோடு நிறுத்துங்கள். ரியாக்டிவ் ஆனவர்களை மட்டும் இப்படித் தேடினால் ஊரில் புரிந்துகொள்வார்கள். அதனால் முகவரி விட்டுப்போனவர், அட்டை வாங்காதவர் என்று வேறு சிலரையும் சேர்த்து ஒரு பட்டியலாகக் கேட்பது எங்கள் வழக்கம்.

போனை எடுப்பது மனைவியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், சிம் கைமாறி யாரோ ஒருவராக இருக்கலாம். முதலில் ஆளை உறுதி செய்யுங்கள். அங்கேயும் நீங்கள் பெயர் சொல்லாமல் அவரைச் சொல்ல வையுங்கள். அவர்தான் என்று தெரிந்தாலும் போனில் முடிவைச் சொல்லக் கூடாது. “டாக்டர் ஒரு தடவை பாக்கணும்னு சொன்னாருங்க, வேலை இல்லாத நாளா வாங்க, என்னைக் கேளுங்க” என்று நம் பெயரைக் கொடுக்க வேண்டும். கடிதம் என்றால் மூடிய உறை, உள்ளேயும் நோயின் பெயர் கூடாது. எச்.ஐ.வி. விவரத்தை வெளியே சொல்லாமல் காப்பது நல்ல பழக்கம் மட்டுமில்லை, 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமையும்கூட.

வந்தவுடன் முதலில் புது மாதிரி எடுங்கள். டியூப் மாறியிருந்தால் இது அவருடைய முடிவே இல்லை. மேலே ராமன், ராமசாமி கதையை எதற்கு அவ்வளவு சொன்னேன் என்று இங்கே புரியும். ஸ்கிரீனிங்கில் ரியாக்டிவ் என்றால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை என்பதைக் கவுன்சலர் பொறுமையாகச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. என்றால் நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மையம்), மஞ்சள் காமாலை வைரஸ் என்றால் மருத்துவரிடம், கையோடு சீட்டுக் கொடுத்து அனுப்புங்கள். முடிந்தால் கூடவே ஒருவர் போகட்டும். அவருடைய முந்தைய கொடைகள் எங்கெங்கே போயின என்று பின்னோக்கித் தேடுவதும் அன்றைக்கே தொடங்க வேண்டும். தொற்று இருந்தும் சோதனையில் தெரியாத ஆரம்ப நாட்கள் உண்டு. அவருக்கு நம்மிடம் இரண்டு பதிவு இருந்து ஒன்றைத்தான் பார்த்தோம் என்றால், மற்றப் பதிவில் உள்ள பைகளை யாரும் தேட மாட்டார்கள்.

எத்தனை முயன்றும் கிடைக்கவில்லை என்றால் எந்தெந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு, யார் கூப்பிட்டார்கள், என்ன பதில் என்று எழுதி, மருத்துவ அதிகாரியின் கையெழுத்து வாங்குங்கள். அதோடு கோப்பை மூடிவிடாதீர்கள். அவருடைய பெயர் எந்தெந்த விதமாக எழுதப்படலாமோ அத்தனை விதத்திலும், அப்பா பெயரிலும், பிறந்த ஆண்டிலும் நிறுத்தக் குறிப்புப் போடுங்கள். அவர் அடுத்து நிற்கப்போவது அஸ்தம்பட்டி முகாமிலா, மலையில் நாகலூரிலா என்று நமக்குத் தெரியாது. எங்கே நின்றாலும் பதிவு மேசையில் இருப்பவர் திரையில் அந்தக் குறிப்பு திறக்க வேண்டும். மலையில் நெட்வொர்க் இருக்காது என்பதால், முகாமுக்குக் கிளம்பும் முந்தின நாள் மாலை அந்தப் பட்டியலைக் காகிதத்தில் எடுத்து, மூடிய உறையில், கவுன்சலர் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.